'அங்க நமக்கு யாரு இருக்கா?': எம்.டெக் படிக்கக் கிளம்பும் தோழர்களுக்கு

(பொறியியல் இறுதியாண்டு மாணவர்களுக்கான வழிகாட்டல் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எம்.இ., எம்.டெக் படிக்க எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். மேடைக்கு வருவதற்குள்ளேயே மூன்று பேர் கைப்பேசியில் தரவரிசைப் பட்டியலைக் காட்டி, "அக்கா, இதுல எது பெஸ்ட்?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

2016 ஏப்ரல். கேட் தேர்வு முடிவு வந்திருந்தது. தேறிவிட்டேன். எங்கள் தெருவில் கேட் என்றால் என்னவென்று விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லை. மத்திய அரசு என்.ஐ.ஆர்.எஃப் என்ற தரவரிசைப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது அந்த மாதத்தில்தான். திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அதை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா நூறு நாள் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வடக்கே இருக்கும் ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் பெயரைக் காட்டி, "இங்கதாம்மா போகப் போறேன். நாட்டுலயே பெரிய எடத்துல ஒண்ணு" என்றேன்.

அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. "அங்க நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"அது காலேஜும்மா, கல்யாண வீடு இல்ல" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய முதல் கேள்வியை எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா கேட்டார். பொறியியல் பட்டதாரியான எனக்கு அது புரியவில்லை. இன்று நான் பேசப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். 2016 ஏப்ரலில் வந்த அந்த முதல் பட்டியலில், பல்கலைக்கழகங்கள் வரிசையில் நான்காவது இடம் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு. அதற்குச் சுமார் இரண்டரை மாதங்களுக்கு முன்பு, ஜனவரி 17 அன்று, அதே வளாகத்து விடுதி அறையில்தான் தோழர் ரோகித் வெமுலா இறந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, திறந்தவெளியில் படுத்துக் கிடந்து போராடிய ஆய்வு மாணவர் அவர். தனக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருக்கிறது என்பதைத் தன் கடைசிக் கடிதத்தில் அவர் எழுதிவைக்க வேண்டியிருந்தது. பட்டியல் தயாரித்தவர்களின் கணக்கில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஒரு தலித் மாணவர் உயிரோடு படித்து முடித்து வெளியே வந்தாரா என்பது மதிப்பெண்ணுக்குரிய கேள்வியாக இல்லை.

பொறியியல் நிறுவனங்களுக்கு அந்தத் தரவரிசை எப்படிப் போடப்படுகிறது தெரியுமா? மொத்தம் 100. கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30. ஆராய்ச்சிக்கு 30. படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20. பெண்கள், வெளிமாநிலத்தவர், ஏழைகள், சமூகத்தில் பின்தள்ளப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரையும் உள்ளே சேர்ப்பதற்கு மொத்தமாக 10. மீதி 10 எதற்கு? அந்த நிறுவனத்தைப் பற்றி வேலை தருபவர்களும் கல்வியாளர்களும் என்ன நினைக்கிறார்கள் என்ற 'மதிப்பு'க்கு. நம் அனைவரையும் உள்ளே விடுவதும், பெரிய மனிதர்கள் மனதில் நல்ல பெயர் வாங்குவதும் அந்தத் தராசில் ஒரே எடை.

பட்டியலைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம் இருக்கிறதா, ஆராய்ச்சி நடக்கிறதா என்பதை அது ஓரளவு சொல்லும். அந்த இடத்தில் நீங்கள் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதை மட்டும் அது சொல்லவே சொல்லாது.

இனி என் கதை. அந்த நிறுவனத்துக்கு நான் தனியாகப் போகவில்லை. என்னோடு பி.இ. படித்த, பக்கத்து ஊர்க் காலனியைச் சேர்ந்த நண்பனும் வந்தான். கேட் மதிப்பெண்ணில் அவன் எனக்கு மேலே. கணக்கில் புலி. இரண்டு பேரும் ஒரே ரயிலில் போனோம். படித்து முடித்துத் திரும்பியது நான் மட்டும்தான்.

போன முதல் வாரத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி, "கேட் ஸ்கோர் எவ்வளவு?" என்பது. கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. ஆனால் எண்ணைச் சொன்னால் எந்தப் பிரிவில் வந்தாய் என்று தெரியும். பிரிவு தெரிந்தால் சாதி தெரியும். அதற்குப் பிறகு செய்முறை வகுப்பில் யார் யாரோடு குழு சேர்வார்கள் என்பது தானாக முடிவாகிவிடும். இதை நான் கற்பனை செய்து சொல்வதாக நினைக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியில் முதலாமாண்டு தலித் மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். சில மாதங்கள் கழித்து, சக மாணவரிடம் ஜேஇஇ ரேங்க், கேட் ஸ்கோர் கேட்பது தகாது என்று அதே நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டது. கேள்விக்குள் சாதி இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமல் யாராவது இப்படி எழுதுவார்களா?

அடுத்தது பணம். கேட் எழுதி எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வாரம் எட்டு மணி நேரம் துறையில் உதவியாளர் வேலை பார்க்க வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விடுதி, மெஸ் முன்பணம், இதர கட்டணம் எல்லாம் கட்டியே ஆக வேண்டும். ஜூலையில் சேர்ந்த எங்களுக்கு முதல் உதவித்தொகை வந்தது நவம்பர் கடைசியில். நான்கு மாதம் கையில் காசில்லை. வீட்டிலிருந்து பணம் வருகிறவனுக்கு அது நான்கு மாதத் தாமதம், அவ்வளவுதான். எங்களுக்கு அது வட்டிக் கடன்.

என் நண்பன் ஊரில் வட்டிக்கு வாங்கினான். கடனை அடைக்க இரவில் வேறு வேலை பார்த்தான். முதல் செமஸ்டரில் சராசரி குறைந்தது. சராசரி குறைந்தால் உதவித்தொகையை நிறுத்தலாம் என்று அங்கே ஒரு விதி. நிறுத்தினார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. துறையிலிருந்து ஒருவரும் போன் செய்து "ஏன் வரவில்லை?" என்று கேட்கவில்லை.

நான் எப்படித் தப்பித்தேன்? அறிவால் அல்ல. என் விடுதியில் நாக்பூர் பக்கத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி ஒருவர் இருந்தார். அவர் அறைக் கதவு திறந்திருந்தபோது பாபாசாகேப் படத்தைப் பார்த்தேன். தயங்கித் தயங்கி "ஜெய் பீம்" என்றேன். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மெஸ் கட்ட 5,000 ரூபாய் கொடுத்தவர் அவர். கணக்குப் பிரிவுக்கு என்னைக் கூட்டிப்போய், மனு எழுதினால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதே என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். எந்தப் பேராசிரியர் மாணவரை மதிப்பார், எவரிடம் போனால் தலைப்பு கிடைக்காமல் அலைய வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். ஆண்கள் விடுதியில் என் நண்பனுக்கு அப்படி ஒரு கதவு திறந்திருக்கவில்லை. அங்கே எனக்கு ஆள் இருந்தது, அவனுக்கு இல்லை. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் இது ஒன்றுதான். இதைத்தான் அவர்கள் தகுதி, திறமை என்று அழைக்கிறார்கள்.

அவன் இப்போது ஒரு ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியர். பெயர் சொல்லாமல் இந்தக் கதையைப் பேசு என்று சொல்லி அனுப்பியவன் அவனே.

அவன் ஒருவன் அல்ல. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே ஒரு கணக்கு கொடுத்தது. ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம் ஆகியவற்றிலிருந்து பாதியில் வெளியேறிய பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். ஐஐடிகளில் மட்டும் பட்டியலினத்தவர் 1,068, பழங்குடியினர் 408, பிற்படுத்தப்பட்டோர் 2,066. மாணவர்கள் பல படிப்புகளுக்கு இடையே மாறிக்கொள்வார்கள் என்பது அரசு சொன்ன விளக்கம். சிலர் அப்படி மாறியிருக்கலாம். என் நண்பன் எந்தப் படிப்புக்கும் மாறவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நமக்கு எதற்கு அந்த இடமெல்லாம், பக்கத்திலேயே ஒரு காலேஜில் சேர்ந்துவிடலாம்" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அந்த முடிவைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்த ஆய்வகங்கள் நம் வரிப்பணத்தில் நடக்கின்றன. அங்கே பட்டியலினத்தவருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடங்கள் சட்டப்படி நமக்குரியவை. போகத்தான் வேண்டும். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். நான்கு கேள்விகள் சொல்கிறேன்.

ஒன்று, பணம் எப்போது கைக்கு வரும்? எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த மாதம் வரும், எந்தக் காரணத்துக்காக நிறுத்துவார்கள் என்பதை அங்கே இப்போது படிப்பவரிடம் கேளுங்கள். ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் சேரும் கேட் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் அதே 12,400 உண்டு. ஆனால் கல்லூரி மாதாமாதம் வருகைப் பதிவை ஏற்ற வேண்டும். அதைச் செய்யாத கல்லூரியில் சேர்ந்தால் பணம் காகிதத்தில்தான் இருக்கும். நுழைவுத் தேர்வு மட்டும் எழுதி எம்.இ. சேர்பவருக்கு இந்தத் தொகை கிடையாது. எனவே, முடிந்தால் கேட் எழுதுங்கள். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் பாதி.

இடம் கிடைத்ததும் கட்ட வேண்டிய தொகையையும் முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் உத்தரப் பிரதேசத்துத் தலித் மாணவர் அதுல் குமாருக்குத் தன்பாத் ஐஐடியில் பி.டெக் இடம் கிடைத்தது. தினக்கூலியான தந்தை 17,500 ரூபாயைத் திரட்டி முடிப்பதற்குள் கெடு நேரம் தாண்டிவிட்டது. இடம் போனது. உச்ச நீதிமன்றம் வரை போய், செப்டம்பர் 30 அன்று அந்த இடத்தை மீட்டார். எல்லோராலும் தில்லி வரை போக முடியாது. நம்மில் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சிறு நிதியை வைத்துக்கொள்ள முடியும்.

இரண்டு, யார் பாடம் நடத்துகிறார்கள், யார் ஆய்வு வழிகாட்டி? பட்டியலில் பெரிய பெயரைப் பார்க்காதீர்கள், துறையின் இணையப் பக்கத்தைத் திறங்கள். ஆசிரியர் பட்டியலில் நம் சமூகத்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஐஐடிகளுக்கு ஆசிரியர் நியமன இட ஒதுக்கீட்டிலிருந்தே விலக்கு வேண்டும் என்று 2020இல் ஒரு குழு பரிந்துரை செய்தது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆதிக்க சாதியில் பிறந்த ஆசிரியர் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. என் ஆய்வேட்டை வரிக்கு வரி திருத்திக் கொடுத்தவர் அப்படி ஒருவர்தான். தலைப்பும் வழிகாட்டியும் எப்படி ஒதுக்கப்படுகின்றன, மாணவர் விருப்பம் கேட்கப்படுகிறதா, கடைசியாக மிஞ்சியது யாருக்குப் போகிறது என்று மூத்த மாணவரிடம் கேளுங்கள்.

மூன்று, புகார் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா? 2012இல் வந்த யுஜிசி விதிகளின்படி பல்கலைக்கழகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும். ஐஐடிகள் யுஜிசியின் கீழ் வருவதில்லை. அங்கே எஸ்.சி., எஸ்.டி. மாணவர் பிரிவு என்று தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையப் பக்கத்தில் பெயரும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எடுத்தால் ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

நான்காவது, என் அம்மாவின் கேள்வி. அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? அம்பேத்கர், பெரியார் பெயரில் படிப்பு வட்டம் இருக்கிறதா? 2015இல் சென்னை ஐஐடி நிர்வாகம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே திருப்பிக் கொடுத்தது. அப்படி ஓர் அமைப்பு இருக்கும் வளாகத்தில் சாதி இல்லாமல் போய்விடாது, ஆனால் நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். முடித்தவர்களிடம் மட்டும் விசாரிக்காதீர்கள், பாதியில் விட்டுவந்தவர்களையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அந்த இடத்தைப் பற்றிய உண்மை அவர்களிடம்தான் இருக்கிறது.

இதைக் கேட்கப் போதிய நேரம் உங்களுக்கு உண்டு. ஐஐடிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பித்தாலும் வரும் அழைப்புகள் எல்லாம் கோப் என்ற ஒரே இணையதளத்தில் தெரியும். வந்த இடத்தை ஏற்கலாம், கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டும் காத்திருக்கலாம். என்ஐடிகளுக்கு சிசிஎம்டி கலந்தாய்வு. சுற்றுக்குச் சுற்று கிடைக்கும் அந்தச் சில நாட்களில் தொலைபேசியை எடுங்கள், நான்கு பேரிடம் பேசுங்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முகவரிடம் பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவான 11,904 யூரோவை, அதாவது பத்து லட்சத்துக்கும் மேலான தொகையை, முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். அமெரிக்கா போனாலும் சாதி விமானத்தில் கூடவே வரும். அதனால்தான் 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் விதியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதைப் படிப்பது என்றும் கேட்பீர்கள். நான் படித்தது சுற்றுச்சூழல் பொறியியல். இரண்டு ஆண்டு வகுப்பில் கழிவுநீர்க் குழாயின் சரிவு, வேகம், மேன்ஹோல்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று எல்லாம் கணக்குப் போட்டோம். ஆள் இறங்குவதற்கான குழி என்று பெயரிலேயே இருக்கிறது. எந்த ஆள் இறங்குகிறான் என்று ஒரு வகுப்பிலும் பேச்சு வரவில்லை. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அங்கே சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. இன்னும் இறங்குகிறார்கள், இன்னும் சாகிறார்கள். இறங்குகிறவரின் சாதியையும் கணக்கில் எடுக்கும் பொறியாளர் அந்த வடிவமைப்பு மேசையில் உட்கார வேண்டாமா? நாம் மேற்படிப்புக்குப் போவது நம் குடும்பம் தலைநிமிர்வதற்காக மட்டும் இல்லை.

முடிப்பதற்கு முன்னால், பாதியில் நின்றவர்களுக்காக ஒன்று. 1917இல் பாபாசாகேப்பும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பியவர்தான். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. கொலம்பியாவில் படித்த அவருக்குப் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார், கோலாப்பூர் சாகு மகராஜும் உதவினார், 1920இல் மீண்டும் லண்டன் போய் முடித்தார். பாதியில் நின்றது அவருடைய தோல்வி அல்ல. என் நண்பனுடையதும் அல்ல. அவனிடம் மறுபடி கேட் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட் எழுத வயது வரம்பு இல்லை. இந்த முறை போகும் இடத்தில் அவனுக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டுத்தான் ரயில் ஏற்றுவேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டத்திலிருந்து போனதும் நாம் ஒரு பட்டியல் தயாரிக்கலாம். எந்த நிறுவனம், எந்தத் துறை, அங்கே நம் ஆள் யார், உதவித்தொகை எந்த மாதம் வருகிறது, யார் பாதியில் போனார், ஏன் போனார். முடித்த ஒவ்வொருவரும் அடுத்து வருகிற ஒருவருக்காவது போனை எடுக்க வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊருக்குப் போனாலும், வீட்டில் அம்மா "அங்க நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டால், சிரிக்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.